மாவ்ரா தன் புருஷனைச் சடை கட்டிய வருஷம்

கோசா கிராமத்துச் சாவேலியை, ஓர் அக்டோபர் மாதம், அவன் மனைவி மாவ்ரா வெங்காயச் சடையோடு தாடியைச் சேர்த்துப் பின்னி வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டாள். அவன் ஈஸ்டர் வரை அங்கேயே தூங்கினான். அந்த வருஷம் ஏரியில் பொடிமீன் குறைச்சல், பனி சீக்கிரம் விழுந்தது, வெங்காயம் நல்ல விளைச்சல். முடிச்சு நேர்த்தியாக இருந்தது என்பதில் தெருவில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. சடை பின்னுவதில் மாவ்ராவின் கையைக் குறை சொன்னவர்கள் அதற்கு முன்பும் கிடையாது, பின்பும் கிடையாது.

கோசா, பெய்ப்சி ஏரியின் மேற்குக் கரையோரம் ஒரே தெருவாக நீண்டு கிடக்கிற ஊர். பழைய முறைப்படி இரண்டு விரலால் சிலுவை போட்டுக்கொள்கிற ரஷ்ய ஜனங்கள். ஆண்கள் மீன் பிடிப்பார்கள், தாடியில் கத்தரி பட விடமாட்டார்கள். பெண்கள் ஏரிச் சேற்றை அள்ளி முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி வெங்காயம் போட்டு, விளைந்ததைக் காயவைத்து, தாளோடு சடையாகப் பின்னி விட்டத்தில் தொங்கவிடுவார்கள். ஒரு பெண் வீடு நடத்துகிற லட்சணத்தை அவள் சமையலை வைத்தோ பேச்சை வைத்தோ அங்கே யாரும் எடை போடுவதில்லை. ஈஸ்டர் அன்று விருந்தாளி உள்ளே வருவார், "கிறிஸ்து உயிர்த்தார்" என்று மூன்று முறை முத்தம் கொடுப்பார், கொடுத்த கையோடு அண்ணாந்து விட்டத்தில் தொங்கும் சடையில் ஒரு வெங்காயத்தைப் பிடித்து அமுக்கிப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் சொல்லிவிட்டு உட்காருவார். கொழகொழவென்றிருந்தால் ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்த ஒன்றும் சொல்லாமையைப் பதினோரு ஈஸ்டராக மாவ்ரா வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் செய்யாத பக்குவம் இல்லை. தாள் தானாகச் சாய்ந்த பிறகுதான் பிடுங்குவாள். மண்ணைத் தட்டுவாளே தவிரத் தண்ணீர் காட்ட மாட்டாள். வெயிலில் பரப்பி, கழுத்து சலசலவென்று சத்தம் போடும்வரை காயவிடுவாள். கழுத்து தடித்தவை நாள் தாங்காது என்று அவற்றை முதலில் சூப்புக்கு எடுத்துவிடுவாள். சடை சுவரில் உரசாமல், காற்று நாலு பக்கமும் போய்வர இடம் விட்டுத் தொங்கவிடுவாள். மூடி வைத்தால் புழுங்கும் என்று மேலே ஒரு துணிகூடப் போட மாட்டாள். உருளைக்கிழங்கின் ஈரமூச்சு வெங்காயத்துக்கு ஆகாது என்று, கிழங்கை வீட்டு வாசற்படி ஏற விடமாட்டாள். இத்தனைக்கும் பிறகு கிறிஸ்துமஸ் வந்தால் போதும், அவள் வீட்டு விட்டம் முழுக்கப் பச்சைப் பசேலென்று முளைவிட்டு நிற்கும். ஒரு வருஷம் ரோஷத்தில் தன் சடை ஒன்றைப் பக்கத்து வீட்டு உஸ்தீன்யாவிடம் கொடுத்து வைத்தாள். அது அங்கே ஜம்மென்று மே மாதம் வரை தூங்கியது. அப்போதுதான் கோளாறு தன் கையில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிற ஆளிடம் இருந்தது.

சாவேலி தூங்குவதில்லை. கல்யாணம் ஆன முதல் ஆகஸ்டில் விடாமல் மழை பெய்தது. தெருவே தன் வெங்காயத்தை எல்லாம் ஊர்ப் பொது உலர்த்துக் கொட்டகையில் பரப்பி, கணப்பு மூட்டி, ஆளுக்கு ஓர் இரவு காவல் இருந்தது. சாவேலியின் முறை வந்தது. புது மாப்பிள்ளை, ஏற்கனவே தூக்கம் பாக்கி. சூடு வெளியே போகாதபடி கணப்பின் புகைப்போக்கித் தகட்டை மூடிவிட்டு, சற்றுக் கண்ணை மூடுவோம் என்று மூடினான். விடிந்தபோது தெரு முழுவதின் வெங்காயமும் தேன் நிறத்தில் வறுபட்டுக் கிடந்தது. வாசனை ஏரிக்கு அந்தப் பக்கம்வரை போய், முன்பின் தெரியாத மீனவர்கள் படகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட வந்துவிட்டார்கள். யாரும் சாவேலியை அடிக்கவில்லை. ஜெபவீட்டு மணிக்குப் பதிலாக அவனைக் கட்டித் தொங்கவிடலாம் என்றுகூடச் சொல்லவில்லை. சிரித்தார்கள். விதைக்குக்கூட வெங்காயம் இல்லாமல், வறுத்ததும் தீர்ந்துபோய், வெறும் மீனையும் ரொட்டியையும் தின்ற அந்தக் குளிர்காலத்திலும் சிரித்தார்கள். அதற்கப்புறம் வந்த எல்லா வருஷமும் சிரித்தார்கள். உஸ்தீன்யாவுக்கு அதுதான் காலை வணக்கம்.

"என்னப்பா சாவேலி, முழிச்சிருக்கியா? இல்ல, ஏதோ வறுக்கிற வாசனை வருதே, அதான் கேட்டேன்."

அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஆனால் கண்ணை மூட மாட்டான். அடித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்து தூங்கியிருப்பான் என்பது மாவ்ராவின் கருத்து. இரவெல்லாம் அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நடப்பான். பக்கத்தில் தூங்கிக் காட்ட ஆள் இல்லாத வீட்டில் வெங்காயம் மட்டும் எப்படித் தூங்கும்? விழித்து விழித்து ஆள் வற்றிப்போனான். ஏரிக்காற்று பலமாக அடிக்கிற நாளில் சட்டைப்பைகளில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போவான். ஒருமுறை குண்டுகளை மறந்துவிட்டுப் போய், சிநேகிதன் மிக்கெலின் பண்ணைவீட்டுக் கூரையில் ஏறி நின்று, ஏணி வரும்வரை பேசிக்கொண்டிருந்தான். ஜெபவீட்டுப் பெரியவர் தெரெந்தி அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மாவ்ராவை மட்டும் வெளியே அழைத்து, "உள்ள ஒண்ணுமே இல்லம்மா, வெறும் சருகு சத்தந்தான் கேக்குது. இன்னொரு குளிர்காலம் தாங்க மாட்டான்" என்றார். மாவ்ரா வீட்டுக்குப் பின்னால் பாத்திகளுக்கு நடுவே போய் நின்று அழுதாள். வெங்காயக்காரி அழுதால் யாரும் ஏனென்று கேட்பதில்லை, அது ஒரு வசதி. அவளுக்கு இவ்வுலகில் வேண்டியிருந்தது ஒன்றுதான். பக்கத்துத் தலையணையில் அவன் மூச்சு சீராக ஏறி இறங்குவதை ஒரே ஓர் இரவாவது கேட்க வேண்டும்.

கசகசாப் பால் கொடுத்துப் பார்த்தாள். நீராவிக் குளியலில் போட்டு பிர்ச் இலைக் கொத்தால் அடித்துப் பார்த்தாள். பைபிளின் சங்கீதப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பார்த்தாள், அவளுக்குத்தான் தூக்கம் வந்தது. தெரெந்தி அப்படிச் சொன்ன வருஷத்து ஆகஸ்டில் வெங்காயத்தைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தவள், குனிந்த நிலையிலேயே தலையைத் தூக்கிப் பார்த்தாள். பாத்தி ஓரத்தில் சாவேலி, நிறத்திலும் கனத்திலும் ஏறக்குறைய அவள் கையில் இருந்ததைப் போலவே, உட்கார்ந்திருந்தான்.

"இங்க வந்து படு" என்றாள்.

"எங்க?"

"இந்த வரிசையில. வெங்காயத்துக்குப் பக்கத்துல. சட்டையக் கழட்டிட்டு."

"என்னடி இது, என்னையும் காயப்போடப் போறியா?"

"ஆமாய்யா. இத்தன வருஷமா ஒன்னத் தூங்க வெக்கப் பாக்குறேன், முடியல. எனக்குத் தூங்க வெக்கத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். தெரிஞ்ச வழியில செஞ்சு பாக்குறேன். பேசாமப் படு."

படுத்தான். அவன் எப்போதும் சொன்ன பேச்சு கேட்கிற ஆள். தொந்தரவே அதுதான், ஊர் சொன்னதையும் கேட்டுவிட்டான். வெங்காயத்தைப் புரட்டும்போதெல்லாம் அவனையும் புரட்டினாள். மழை வந்தால் எல்லோரையும் சேர்த்துக் கொட்டகைக்குள் இழுத்தாள். செப்டம்பர் கடைசியில் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஈரம் இல்லை. அக்டோபரில், கன்னிமாதாவின் முக்காட்டுத் திருநாளுக்கு மறுநாள், முக்காலியில் உட்காரவைத்து, காய்ந்த தாளோடு அவன் தாடியை மூன்று பிரியாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். அவன் தாடி நீளம், அவள் விரல் வேகம். பின்னி முடித்து ஒரு கையால் தூக்கினாள். ஒரு சடை வெங்காயத்தின் கனம்தான் இருந்தான். விட்டத்தில் மாட்டினாள், சுவரில் உரசாமல், நாலு பக்கமும் இடம் விட்டு. "வலிக்குதா?" என்று கேட்டாள். முகம் மேலே நிமிர்ந்திருக்க, கைகள் தளர்ந்து தொங்க, சாவேலி குறட்டை விட ஆரம்பித்திருந்தான். சின்னக் குறட்டை. மாவ்ரா முக்காலியிலேயே உட்கார்ந்து, சாப்பாட்டு நினைப்பே இல்லாமல், அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெருவில் பரவியதும் முதல் ஆட்சேபணை தெரெந்தி பெரியவரிடமிருந்து வந்தது. தாடி கடவுள் கொடுத்த உருவம், அதில் கயிறு கட்டலாமா என்று மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டினார். வெட்டக்கூடாது, சிரைக்கக்கூடாது, கிள்ளக்கூடாது என்றெல்லாம் இருந்தது. தொங்கக்கூடாது என்று எங்கும் இல்லை. சொல்லப்போனால், இப்படித் தொங்க முடிவது தாடியை வெட்டாதவனுக்கு மட்டும்தானே என்று அவரே ஒரு விளக்கமும் கண்டுபிடித்து, திருப்தியாக வீட்டுக்குப் போனார். பெண்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள், பின்னலைத் தடவிப் பார்த்தார்கள். உஸ்தீன்யா மட்டும் கீழே நின்று, "அப்பாடா, கடைசியில தூங்கிட்டான். இனி அடுப்பத் தொட விடாதீங்க" என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். விட்டத்தில் சாவேலி லேசாக ஒரு சுற்றுச் சுற்றி மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் வந்தது, ஒரு முளைகூட இல்லை. ஆள் தூங்கியதும் வெங்காயமும் தூங்கியது. சனிக்கிழமைதோறும் மாவ்ரா ஒவ்வொரு சடையாக மோந்து, ஒவ்வொரு வெங்காயமாக அமுக்கிப் பார்ப்பாள். வரிசையில் சாவேலி வரும்போது அவன் தோளையும் அமுக்கி, காதுப்பக்கம் மோந்து பார்ப்பாள். கெட்டியாக இருந்தான். உலர்ந்த நல்ல வாசனை வந்தது. ஏரி உறைந்தது, வீட்டில் அடுப்பு மிதமான சூட்டில் எரிந்தது, விட்டத்திலிருந்து வரும் குறட்டைக்குக் கீழே மாவ்ரா பதினோரு வருஷத்துத் தூக்கத்தையும் வட்டியோடு தூங்கினாள். சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்லிவிடலாம். பக்கத்துத் தலையணை காலியாக இருந்ததை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கெட்டது, அன்பான மனுஷனால் வந்தது. மிக்கெல் ஊருக்கு மேற்கே இருந்த எஸ்தோனியப் பண்ணைக்காரன், உருளைக்கிழங்கு போடுகிறவன். சாவேலி விழித்திருந்த காலத்தில் அவனோடு சீட்டு விளையாடிப் பொழுதைக் கழித்த ஒரே சிநேகிதன். பிப்ரவரியில், மாவ்ரா ஜெபவீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சறுக்குவண்டியில் வந்தான். வெறுங்கையோடு வர அவனுக்கு மனசு வராது. தன் மண்ணில் விளைந்ததில் பொறுக்கி எடுத்த கிழங்கு ஒரு மூட்டை கொண்டுவந்து, சாவேலியின் கால்களுக்கு நேர் கீழே இறக்கினான். அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, குதிரைக்குக் குளம்பு வலி, பனிக்குக் கீழே மீன் நகரவில்லை என்று மத்தியானம் முழுக்கத் தூங்குகிறவனிடம் ஊர்க்கதை பேசினான். மாவ்ரா திரும்பி வந்து வாசலில் நின்றபடியே மோப்பம் பிடித்தாள்.

"மிக்கெல் அண்ணே! எது மேல உக்காந்திருக்க?"

"கெழங்கு, தங்கச்சி. நல்ல கெழங்கு. ஒனக்குத்தான்."

"அடப்பாவி மனுஷா! வெங்காயத்துக்கு அடியிலயா கொண்டாந்து வெப்ப?"

"வெங்காயத்துக்கு அடியில எங்க வெச்சேன்? சாவேலிக்கு அடியிலதான வெச்சேன்" என்றான் மிக்கெல், உண்மையாகவே புரியாமல்.

மூட்டையை வெளியே பனியில் தள்ளி, கதவு ஜன்னலைத் திறந்துபோட்டும் பலனில்லை. புதன்கிழமை சாவேலியின் உச்சந்தலையில் பச்சையாக ஒரு நுனி தெரிந்தது. வெள்ளிக்கிழமை அது விரல் நீளம் ஆனது. தொட்டால் குளிர்ச்சியாக, உள்ளே குழலாக, நல்ல செழிப்பான தாள். அவன் இன்னும் கண் விழிக்கவில்லை, ஆனால் குறட்டை நின்றுவிட்டது. சனிக்கிழமை தோளை அமுக்கியபோது முதல்முறையாக மாவ்ராவின் விரல் சற்று உள்ளே போனது.

முளைத்த வெங்காயத்தின் கதை கோசாவில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தாள் தன் வளர்ச்சிக்கு வேண்டியதைக் குமிழிலிருந்துதான் உறிஞ்சும். மேலே பச்சை ஏற ஏற உள்ளே காலியாகும், கடைசியில் தொலிதான் மிஞ்சும். கிள்ளிவிட்டால் கிள்ளிய இடத்தில் அழுகும். நட்டுவிடலாம் என்றால் தரை இரும்பாக உறைந்து கிடந்தது. மற்றபடி, முளைவிட்டதைச் சட்டியில் போடுவதுதான் வழக்கம், அதை யாரும் மாவ்ராவிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று மத்தியானம்வரை அவள் அடுப்பருகே உட்கார்ந்து யோசித்தாள். வெங்காயம் தனியாகத் தூங்காது, கூட்டத்தோடுதான் தூங்கும். தன் வீட்டுச் சடைகளின் தூக்கம் இந்த முளையை அடக்கப் போதவில்லை. ஒரு தெருவின் தூக்கம் வேண்டும். போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள்.

கேட்டது சின்ன விஷயமா? குளிர்காலத்துச் சாப்பாடு, வசந்தத்துக்கு விதை, இரண்டையும் மொத்தமாகத் தூக்கி, முன்பொருமுறை தெருவே நம்பிக் கொடுத்ததை வறுத்துக் கொடுத்தவன் வீட்டில் தொங்கவிடச் சொல்கிறாள். முதல் வீட்டில் பேச்சை மாற்றினார்கள். இரண்டாவது வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். மூன்றாவது உஸ்தீன்யாவின் வீடு.

"அந்த வீட்டுக்கா? மறுபடியும் வறுத்துக் குடுக்கவா?" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

மாவ்ரா சிரிக்கவில்லை. "உஸ்தீன்யாக்கா, ஒனக்கு அது தெனமும் ஒரு தமாஷு. அவன் அதக் கேட்டுக் கேட்டுத்தான் கண்ண மூடல. இப்ப மூடுன கண்ண, தொறக்காமலே போயிருவானோன்னு இருக்கு. குடுக்கிறதுன்னா குடு. இல்லன்னா, அந்தத் தமாஷையாவது இனிமே வேற யார்கிட்டயாவது சொல்லு."

போய்விட்டாள். உஸ்தீன்யா கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. தன் தமாஷ் ஒருவனை நடக்கவைத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை, அவ்வளவுதான். பிறகு முக்காலி போட்டு ஏறி, தன் வீட்டு விட்டத்திலிருந்து சடைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அடுப்புக்கு மேலே சூட்டில் கம்பளிக் காலுறைகளில் கட்டித் தொங்கிய விதை வெங்காயத்தையும் விடவில்லை. எல்லாவற்றையும் தோளிலும் கழுத்திலும் மாட்டிக்கொண்டு, குளிரில் சுருங்காமல் இருக்கப் புருஷனின் ஆட்டுத்தோல் கோட்டை மேலே போர்த்தி, தெருவில் நடந்தாள். அதைப் பார்த்ததும் மற்ற வீடுகளின் கதவு திறந்தது. பொழுது சாய்வதற்குள் கோசாவின் வெங்காயம் அத்தனையும் சாவேலியின் வீட்டில் இருந்தது. விட்டம் முழுக்க, ஜன்னல் சட்டம் முழுக்க, கட்டில் கால், சாமி படத்து மூலை, கதவுக் கொக்கி, எங்கும் சடை. தெரெந்தி பெரியவர் தன்னுடையதை நேராகச் சாவேலியின் கழுத்திலேயே மாட்டினார். மற்ற வீடுகளில் அன்று சூப்புக்கு வெங்காயம் இல்லை. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தூக்கம் வீட்டுக்குள் கனமாக இறங்கியது. பூனை அடுப்புத் திண்டில் சாய்ந்தது, சுவர்க் கடிகாரம் மெல்ல நின்றது, விறகு கொடுக்க வந்த மிக்கெல் நின்றபடியே தூங்கி விழுந்து, வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்தான். முதல் வாரம் முளை வளரவில்லை. இரண்டாவது வாரம் நுனி மஞ்சளானது. ஒரு சனிக்கிழமை மாவ்ரா அண்ணாந்து பார்க்கும்போது அது காய்ந்து சாய்ந்து, கழுத்து சலசலத்தது. தோளை அமுக்கினாள், விரல் உள்ளே போகவில்லை. குறட்டை திரும்ப வந்தது, பழையதைவிடச் சற்று உரக்கவே.

ஈஸ்டர் அன்று காலை தெருவே அந்த வீட்டுக்குத்தான் வந்தது, வேறெங்கே அமுக்கிப் பார்க்க வெங்காயம் இருந்தது? சிவப்பு முட்டையும் வெங்காயம் பொதிந்த பிரோகி ரொட்டியும் மேஜையில் இருந்தன. மாவ்ரா சாவேலியை இறக்கி, பின்னலை அவிழ்த்து, தாடியைச் சீவிவிட்டாள். அவன் கண்ணைத் திறந்தான். கன்னத்தில் நிறம் இருந்தது. எழுந்து நின்றபோது பலகைத்தளம் அவன் கனத்துக்குக் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தை மாவ்ரா இன்றுவரை மறக்கவில்லை. அவன் மேலே பார்த்தான், சுற்றிலும் பார்த்தான்.

"யாரோட சடை இதெல்லாம்?"

"தெருவோடது" என்றாள் உஸ்தீன்யா. "ஒங்கிட்டதான் இருந்துச்சு, குளிர்காலம் முழுக்க."

"நான் தூங்கிட்டிருந்தேனே?"

"ஆமாப்பா. நல்லாத் தூங்குன. ஒண்ணுகூடக் கெடல."

சாவேலி அழுதான். இத்தனை வெங்காயத்துக்கு நடுவே அதற்கு யாரும் காரணம் தேடவில்லை. உஸ்தீன்யா கையை உயர்த்தி ஒரு வெங்காயத்தை அமுக்கி, "கெட்டி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மாவ்ரா பதினோரு வருஷமாகக் காத்திருந்த சொல் அது. வந்தபோது அவள் பிரோகி வெட்டிக்கொண்டிருந்தாள், சரியாகக்கூடக் கேட்கவில்லை.

அந்தக் கோடை முழுவதும் சாவேலி படுக்கையில் தூங்கினான், எல்லா மனிதர்களையும்போல. மாவ்ரா பக்கத்தில் படுத்து அந்த மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டாள். இலை உதிரத் தொடங்கியதும் அவன் பாத்திப் பக்கம் போய்ப் போய்ப் படுத்தான். குளிர்காலத்தைத் தொங்கியே கழித்தவனுக்குக் கட்டில் இனி ஒத்துவராது போலிருந்தது. அவன் தாடியைப் பின்ன முக்காலியை இழுத்தபோது, காலித் தலையணையின் நினைப்பு மாவ்ராவுக்கு வந்தது. கல்யாணமான பெண்ணென்று போட்டிருந்த இரட்டைச் சடையை மறைத்த முக்காட்டை அவிழ்த்தாள். அந்த இரண்டையும் அவன் தாடியையும் மூன்று பிரியாக எடுத்து, காய்ந்த தாள் சேர்த்து, ஒரே சடையாகப் பின்னி முடித்து, இருவரையும் விட்டத்தில் மாட்டிவிட மிக்கெலைக் கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அப்படித்தான். அடுப்பைப் பார்த்துக்கொள்வது மிக்கெலின் பொறுப்பு, கிழங்கை வண்டியிலேயே விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவான். சனிக்கிழமைகளில் உஸ்தீன்யா வந்து சடைகளை வரிசையாக மோந்து, அமுக்கிப் பார்க்கிறாள். கடைசியில் அந்தக் கனத்த சடைக்கு வந்து, ஒரு தோளையும் அதற்கடுத்த தோளையும் விரலால் அமுக்குகிறாள்.

"ரெண்டும் கெட்டியா இருக்கு" என்கிறாள். மிக்கெல் இன்னொரு விறகை உள்ளே வைக்கிறான்.